நரம்புச் செல் பிளவுறாததற்குச் சென்ட்ரியோல் இல்லாததுதான் காரணமா?

மலைக்கோட்டை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் எடுத்துப் படிக்கிறாள். நீட் தேர்வுக்கும் ஆயத்தமாகி வருகிறாள். அவளிடம் உள்ள வழிகாட்டி நூல் ஒன்றில், "நரம்புச் செல்களில் சென்ட்ரியோல்கள் இல்லை, ஆகவே அவை பிளவுறுவதில்லை" என்று ஒரே வரியில் எழுதி அடிக்கோடும் இட்டிருக்கிறார்கள். அதே நூலில் வேறொரு பக்கத்தில், உயர் தாவரங்களின் செல்களில் சென்ட்ரியோல் கிடையாது என்றும், அவை எந்தத் தடையுமின்றிப் பிளவுறுகின்றன என்றும் இருக்கிறது. தாவரச் செல்லுக்குத் தேவைப்படாத ஒன்று நரம்புச் செல்லுக்கு மட்டும் எப்படி இன்றியமையாததாகும் என்று அவள் கேட்கிறாள். நான் வணிகவியல் படித்தவன். என்னால் விடை சொல்ல இயலவில்லை.

இதனோடு சேர்த்து மேலும் இரண்டு ஐயங்கள். இரத்தச் சிவப்பணுவில் உட்கருவே இல்லையென்றால், இரத்த தானம் செய்தவருக்குப் புதிய சிவப்பணுக்கள் எங்கிருந்து கிடைக்கின்றன? முழு வளர்ச்சி அடைந்து வேலை செய்துகொண்டிருக்கும் செல் பிளவுறாது என்பது பொது விதியானால், கல்லீரலை வெட்டி எடுத்த பின்பும் அது வளர்வது எவ்வாறு? மனப்பாடத்துக்கு உரிய விடையாக அன்றி, காரணத்தோடு யாரேனும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

விலங்கியல் வாத்தியார் எழுதியது:

தங்கள் மகளின் ஐயம் சரியான இடத்தில் எழுந்திருக்கிறது. அந்த வரி ஒரு நூலிலிருந்து இன்னொரு நூலுக்குப் படியெடுக்கப்பட்டே உயிர்வாழ்ந்து வருகிறது. அதை மறுப்பதற்குத் தாவரம் வரை போக வேண்டியதில்லை, மனித உடலே போதும். சென்ட்ரியோல் என்பது செல்லின் நுண்குழல்களை ஒழுங்குபடுத்தும் இடத்தில் இருக்கும் ஒரு சிறு உறுப்பு. பெண்ணின் அண்டச் செல் முதிரும் போக்கில் தன் சென்ட்ரியோல்களை இழந்துவிடுகிறது. ஆயினும் அது குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் கதிர்க்கோல் இழைகளை அமைத்து, மியாசிஸ் என்னும் குன்றல் பகுப்பை நடத்துகிறது. கருவுறும்போது விந்தணுவே சென்ட்ரியோலைக் கொண்டுவருகிறது. மறுபுறம், முதிர்ந்த நியூரான்கள், அதாவது நரம்புச் செல்கள், பலவற்றில் சென்ட்ரியோல்கள் இருப்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டியிருக்கிறது. அங்கே அவை நுண்குழல்களை ஒழுங்குபடுத்தும் பொறுப்பிலிருந்து விலகிவிட்டன, அவ்வளவே. சென்ட்ரியோல் இல்லாத செல் பிளவுறுகிறது, இருக்கும் செல் பிளவுறாமல் நிற்கிறது என்னும்போது, அதைக் காரணமாகக் காட்டுவது பொருந்தாது.

காரணத்தைச் செல் சுழற்சியில் தேட வேண்டும். ஆய்வகத்தில் வளர்க்கப்படும் மனிதச் செல் ஒன்று ஒரு சுற்றை முடிக்க ஏறத்தாழ 24 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. அதில் குரோமோசோம்கள் பிரிவதை நாம் கண்ணால் காணக்கூடிய மைட்டாசிஸ் நிலை ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். எஞ்சிய நேரமெல்லாம் ஜி1, எஸ், ஜி2 என்னும் இடைநிலைக் கட்டங்களில் கழிகிறது; எஸ் கட்டத்தில் 46 குரோமோசோம்களின் டி.என்.ஏ. முழுவதும் இரட்டிக்கப்படுகிறது. ஒரு செல்லின் டி.என்.ஏ.வை நீட்டிப் பிடித்தால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும் என்பதை நினைத்தால், அதைப் பிழையின்றிப் படியெடுத்து, சுருட்டி, சரிபாதியாகப் பங்கிடுவது எவ்வளவு பெரிய ஏற்பாடு என்பது விளங்கும். அதைத் தொடங்குவதா வேண்டாமா என்ற முடிவு ஜி1 கட்டத்தின் இறுதியில் எடுக்கப்படுகிறது. ஆர்பி என்னும் புரதம் எஸ் கட்டத்துக்குத் தேவையான மரபணுக்களை அடக்கி வைத்திருக்கிறது. வளர்ச்சித் தூண்டல் வந்தால் சைக்ளின்களும் அவற்றோடு இணையும் கைனேஸ் நொதிகளும் சேர்ந்து ஆர்பியை விலக்குகின்றன. இந்தச் சுழற்சியை இயக்கும் அடிப்படைப் பொறிமுறையைக் கண்டறிந்ததற்காகவே ஹார்ட்வெல், நர்ஸ், ஹன்ட் ஆகிய மூவருக்கும் 2001ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது. தூண்டல் வராத செல், சுழற்சியை விட்டு விலகி ஜி0 நிலைக்குச் செல்கிறது. சில செல்கள் அங்கிருந்து திரும்பி வரக்கூடியவை. நியூரான் திரும்பி வருவதில்லை. அதில் அந்தத் தடைகள் நிலையாகவே இறுக்கப்பட்டுவிடுகின்றன. ஆய்வகத்தில் முதிர்ந்த நியூரானைச் சுழற்சிக்குள் வலிந்து தள்ளினால், பெரும்பாலும் அது பிளவுறுவதில்லை; இறந்துபோகிறது.

உடல் இப்படியொரு கட்டுப்பாட்டை ஏன் விதித்துக்கொண்டது என்பதற்கு, அந்தச் செல்லின் அமைப்பைக் கூர்ந்து பார்த்தால் பாதி விடை கிடைக்கும். இடுப்புப் பகுதித் தண்டுவடத்திலிருந்து கால் விரல் வரை செல்லும் இயக்க நியூரானின் ஆக்ஸான் என்னும் நீண்ட இழை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுடையது. அதற்கு வேண்டிய புரதங்களில் பெரும்பகுதி செல் உடலில்தான் உருவாகின்றன. அங்கிருந்து நுனி வரை அவற்றையும் மைட்டோகாண்ட்ரியாக்களையும் கொண்டுசெல்லும் தண்டவாளங்களாக இருப்பவை நுண்குழல்கள். மைட்டாசிஸின்போது குரோமோசோம்களை இழுக்கும் கதிர்க்கோலும் இதே டியூபுலின் புரதத்தால் ஆன நுண்குழல்களே. பிளவுறும் செல் தன் பழைய நுண்குழல் அமைப்பைக் கலைத்து, உருண்டு திரண்டு, புதிதாகக் கதிர்க்கோலைக் கட்டுகிறது. நியூரான் அவ்வாறு செய்ய முற்பட்டால், ஆக்ஸானும் அது பல்லாண்டுகளாக ஏற்படுத்திக்கொண்ட ஆயிரக்கணக்கான இணைப்புகளும் என்னவாகும்? எந்த இணைப்பு எந்தச் சேய்ச் செல்லுக்கு உரியது?

இதயத் தசைச் செல்லிலும் இதே நெருக்கடிதான். அதன் உள்ளே பெரும்பகுதியைச் சுருங்கும் இழைகளும் மைட்டோகாண்ட்ரியாக்களும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. பிளவுற வேண்டுமானால் அந்த இழைகளைக் குலைக்க வேண்டும். பிறந்த சில காலத்துக்குப் பின் இச்செல்களில் பல, டி.என்.ஏ.வை இரட்டித்துவிட்டு, செல்லைப் பிரிக்காமலேயே நின்றுவிடுகின்றன. அதனால்தான் வளர்ந்தவர்களின் இதயத்தில் நான்கு தொகுதிக் குரோமோசோம்களைக் கொண்ட உட்கருக்கள் சாதாரணமாகக் காணப்படுகின்றன. முற்றிலும் பிளவுறாதவை என்றும் சொல்லிவிட முடியாது. 1963ஆம் ஆண்டின் சோதனைத் தடை ஒப்பந்தத்துக்கு முன்பு வளிமண்டலத்தில் நடத்தப்பட்ட அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 கூடி, பிறகு ஆண்டுதோறும் குறைந்துவந்தது. டி.என்.ஏ.வில் பதிந்திருக்கும் அதன் அளவைக் கொண்டு செல் பிறந்த காலத்தைக் கணக்கிடும் முறையை, ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா நிறுவனத்தின் யோனாஸ் ஃபிரிசேன் குழுவினர் உருவாக்கினார்கள். 25 வயதில் இதயத் தசைச் செல்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடும், 75 வயதில் 0.45 விழுக்காடும் புதுப்பிக்கப்படுகின்றன என்று 2009இல் அவர்கள் வெளியிட்டனர். மாரடைப்பில் இறந்த தசையை ஈடுகட்ட இந்த வேகம் போதாது. அங்கே தழும்புத் திசுவே உருவாகிறது. பெருமூளைப் புறணியின் நியூரான்களோ அந்த மனிதரின் வயதையே உடையவை என்று அதே முறை காட்டியது.

சிவப்பணுவைப் பொறுத்தவரை விடை எளிது. அது பிளவுற்றுப் பெருகுவதில்லை. எலும்பு மஜ்ஜையில் உள்ள குருத்துச் செல்களிலிருந்து பிறக்கிறது. அவற்றின் வழிவந்த முன்னோடிச் செல்கள் சில முறை பிளவுற்று, ஹீமோகுளோபினை நிரப்பிக்கொண்டு, இறுதியில் உட்கருவை வெளியே தள்ளிவிடுகின்றன. தள்ளப்பட்ட உட்கருவை அருகில் இருக்கும் மேக்ரோஃபேஜ் என்னும் துப்புரவுச் செல் விழுங்கிவிடும். பின்னர் மைட்டோகாண்ட்ரியாக்களும் நீங்கிவிடுவதால், தான் சுமந்துசெல்லும் ஆக்சிஜனைச் சிவப்பணு தானே செலவழிப்பதில்லை. ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகளோடு 120 நாட்கள் சுற்றிவந்து அது அழிகிறது. நொடிக்கு 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட சிவப்பணுக்கள் நம் மஜ்ஜையில் உருவாகின்றன. இரத்த தானத்துக்குப் பின் சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டின் என்னும் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்து அந்த வேகத்தை மேலும் உயர்த்துகிறது.

கல்லீரலே சுவையான விதிவிலக்கு. வேலை செய்யும் செல் பிளவுறாது என்ற விதியை அது பொருட்படுத்துவதில்லை. கல்லீரல் செல்கள் இயல்பாக ஜி0 நிலையில் இருந்தாலும் அவற்றின் தடை நெகிழக்கூடியது. எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை அகற்றினாலும், எஞ்சிய செல்கள் தம் அன்றாட வேதிப் பணிகளைச் செய்துகொண்டே பிளவுற்று, ஓரிரு வாரங்களில் பழைய எடையை ஏறத்தாழ எட்டிவிடுகின்றன. மனிதரில் உயிருடன் தானம் அளித்தவர்களுக்கு இது சில மாதங்கள் எடுக்கும். வெட்டப்பட்ட மடல் மீண்டும் முளைப்பதில்லை. எஞ்சிய மடல்தான் பெருக்கிறது. கல்லீரல் செல்லின் பணி பெரும்பாலும் நொதிகளைச் சார்ந்தது என்பதும், நியூரானின் பணி அதன் வடிவத்தையே சார்ந்தது என்பதும் இந்த வேறுபாட்டுக்கு முக்கியமான காரணம் என்று நான் கருதுகிறேன்.

ஆய்வக மேசை எழுதியது:

ஆசிரியர் சொன்னதற்கு எங்கள் ஆய்வகத்தில் அன்றாடம் காணும் சான்று ஒன்றைச் சேர்க்கிறேன். நான் குரோமோசோம் பரிசோதனைப் பிரிவில் பணிபுரிகிறேன். தொடர்ந்து கருச்சிதைவு ஏற்படும் தம்பதியர், டவுன் நோய்க்குறி உள்ளதாக ஐயப்படும் குழந்தைகள் ஆகியோரின் இரத்தம், உறையாமல் காக்கும் ஹெப்பாரின் கலந்த குழாயில் எங்களுக்கு வருகிறது. குரோமோசோம்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டுமானால் பிளவுறும் செல் வேண்டும். ஆனால் இரத்த ஓட்டத்தில் இருக்கும் செல்களில் அநேகமாக எதுவுமே பிளவுற்றுக்கொண்டிருப்பதில்லை. சிவப்பணுவில் உட்கரு இல்லை. நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளையணுக்களில் உட்கருவும் உண்டு, சென்ட்ரியோல்களும் உண்டு. இருந்தும் அவற்றை எவ்வளவு ஊட்டமான ஊடகத்தில் வைத்தாலும் பிளவுறாமலேயே சில நாட்களில் இறந்துவிடும். வழிகாட்டி நூலின் வரிக்கு இதைவிட நேரடியான மறுப்பு வேண்டியதில்லை.

எங்களுக்குக் கைகொடுப்பவை லிம்ஃபோசைட்டுகள் என்னும் மற்றொரு வகை வெள்ளையணுக்கள். அவையும் ஜி0 நிலையில் உறங்குபவைதான். ஆனால் ராஜ்மா வகை அவரையிலிருந்து எடுக்கப்படும் பைட்டோஹீமாக்ளூட்டினின் என்னும் புரதத்தை ஊடகத்தில் சேர்த்தால், நோய்க்கிருமியின் தூண்டல் கிடைத்ததுபோல் அவை விழித்துக்கொண்டு சுழற்சிக்குள் நுழைகின்றன. 37 டிகிரி வெப்பத்தில் 72 மணி நேரம் வளர்த்த பிறகு, இறுதியில் கோல்சமிட் மருந்தைச் சேர்க்கிறோம். கதிர்க்கோல் உருவாக முடியாமல் போவதால், குரோமோசோம்கள் நன்கு சுருண்டிருக்கும் மெட்டாஃபேஸ் நிலையிலேயே செல்கள் தேங்கி நிற்கும். அடுத்து, நீர்த்த பொட்டாசியம் குளோரைடு கரைசலில் செல்களை ஊற வைக்கிறோம். சிவப்பணுக்கள் வெடித்துப்போகும், லிம்ஃபோசைட்டுகள் உப்பும். பின்னர் மூன்று பங்கு மெத்தனால், ஒரு பங்கு அசெட்டிக் அமிலம் கலந்த கலவையால் அவற்றை நிலைப்படுத்தி, கண்ணாடித் தகட்டின் மீது சொட்டுச் சொட்டாக விடுகிறோம். சொட்டு பரவிக் காயும்போதுதான் குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் விரிகின்றன. மழைநாட்களில் காற்றின் ஈரப்பதம் மாறினாலே அந்தப் பரவல் மாறிவிடும் என்பதால், வேலைக்குப் புதிதாக வருபவர்கள் கற்றுக்கொள்ள நெடுநாள் எடுக்கும் படி இதுதான்.

தகட்டில் தெரிவதில் பெரும்பகுதி பிளவுறாத வட்ட உட்கருக்களே. அவற்றினிடையே மெட்டாஃபேஸ்களைத் தேடி, வழக்கமாக 20 செல்களில் எண்ணிப் பார்க்கிறோம். செல்லை உப்ப வைக்கும் உத்தியையும், கோல்சமிடைப் போலவே கதிர்க்கோலைத் தடுக்கும் கோல்கிசினையும் பயன்படுத்தியே, 1955இன் இறுதியில் ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் மனிதக் குரோமோசோம்களின் எண்ணிக்கை 46 என்று கண்டனர். அதற்கு முன் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் முழுவதும் அது 48 என்றே கற்பிக்கப்பட்டு வந்தது. ஆகவே ஒரு வரி எல்லா நூல்களிலும் இருக்கிறது என்பதற்காக அதை நம்பிவிட வேண்டியதில்லை.

தாராபுரத்துக்காரன் எழுதியது:

மேலே குறிப்பிடப்பட்ட கோல்கிசின் எங்கள் ஊர்ப் பக்கத்துச் சரக்கு என்பதால் ஒரு சிறு குறிப்பு. தாராபுரம், மூலனூர் வட்டாரங்களில் பந்தல் கட்டிப் பயிரிடப்படும் கண்வலிக்கிழங்கின் விதையிலும் கிழங்கிலும் இருப்பது அதுதான். அதன் பூவே தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள். கிழங்கு கொடிய நஞ்சு. அதை உண்டவர்களின் உடலில் கேடு தோன்றும் வரிசை இந்த உரையாடலோடு நேரடியாகப் பொருந்துகிறது. முதலில் சில மணி நேரத்திலேயே வாந்தியும் கடும் வயிற்றுப்போக்கும் வரும்; ஓரிரு நாட்களுக்குப் பின் மஜ்ஜை செயலிழந்து இரத்த அணுக்கள் குறையும்; பிழைத்தவர்களுக்கு அதன்பின் தலைமுடி கொட்டும். குடலின் உட்பூச்சு சில நாட்களுக்கு ஒருமுறை முழுவதும் புதுப்பிக்கப்படுவது; மஜ்ஜையும் முடியின் வேரும் ஓயாமல் பிளவுறுபவை. எந்தத் திசுவில் பிளவு வேகமோ அதுவே கடுமையாகத் தாக்கப்படுகிறது. நரம்பும் தசையும்கூட முற்றிலும் தப்புவதில்லை. அவற்றுக்கும் நுண்குழல்கள் வேண்டுமல்லவா? ஆசிரியர் சொன்ன தண்டவாளம் சிதைவதுதான் அங்கே நடப்பது.

மலைக்கோட்டை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. நானும் மகளும் சேர்ந்தே படித்தோம். படித்து முடித்ததும் அவள் அடுத்த கேள்வியைத் தொடுத்துவிட்டாள். புற்றுநோய் என்பது கட்டுப்பாடற்ற செல் பிளவு என்றால், பிளவுறாத நியூரான்களைக் கொண்ட மூளையில் கட்டிகள் எவ்வாறு உண்டாகின்றன? இதயப் புற்றுநோய் என்று நாம் கேள்விப்படாததற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

திசுத்தகடு எழுதியது:

நான் நோய்க்குறியியல் மருத்துவர் என்பதால் இந்தக் கேள்விக்கு விடையளிக்க முயல்கிறேன். தொடர்பு உண்டு. மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்கள் இருக்கின்றன. ஆனால் அதே அளவுக்கு நெருக்கமான எண்ணிக்கையில் நியூரான் அல்லாத செல்களும் இருக்கின்றன. நியூரான்களுக்கு ஊட்டமும் காப்பும் அளிக்கும் கிளையல் செல்களும் அவற்றின் முன்னோடிகளும் வளர்ந்த பின்பும் பிளவுறும் ஆற்றலை இழப்பதில்லை. பெரியவர்களின் மூளைக் கட்டிகளில் கணிசமானவை அவற்றிலிருந்தோ, மூளையைப் போர்த்தியிருக்கும் உறைகளிலிருந்தோ தோன்றுபவை. நுரையீரல், மார்பகம் முதலான இடங்களிலிருந்து பரவி வந்தவையும் மிகுதி. இதயத்தில் தானாகத் தோன்றும் கட்டியே அரிது. பெரியவர்களிடம் அதிகம் காணப்படும் மிக்ஸோமா என்னும் இதயக் கட்டியும் தசைச் செல்லிலிருந்து வருவதன்று.

நியூரான் மரபில் புற்றுநோய் வருவதே இல்லையா என்றால், வருகிறது. ஆனால் பெரும்பாலும் குழந்தைகளுக்கு. நியூரானாக மாற வேண்டிய முன்னோடிச் செல்கள் இன்னும் பிளவுற்றுக்கொண்டிருக்கும் காலத்தில் அந்த ஆபத்து இருக்கிறது. விழித்திரையில் தோன்றும் ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் புற்றுநோய் இதற்குத் தக்க சான்று. ஆசிரியர் குறிப்பிட்ட ஆர்பி புரதத்துக்கு அந்தப் பெயர் வந்ததே இந்த நோயால்தான்; அதன் மரபணு 13ஆம் குரோமோசோமில் உள்ளது. இரண்டு பிரதிகளும் பழுதடைந்தால்தான் நோய் தோன்றும் என்ற கருத்தை ஆல்ஃபிரட் நட்சன் 1971இல் முன்வைத்தார். ஒரு பழுதைப் பெற்றோரிடமிருந்து பெற்றுப் பிறக்கும் குழந்தைக்கு இன்னொன்று நேர்ந்தால் போதும் என்பதால், நோய் மிக இளம் வயதிலேயே, பல வேளைகளில் இரு கண்களிலும் வருகிறது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் இது வெளிப்பட்டுவிடும். விழித்திரைச் செல்கள் முதிர்ந்து சுழற்சியை விட்டு விலகியபின் புதிதாகத் தோன்றுவது மிக அரிது. குழந்தையைப் புகைப்படம் எடுக்கும்போது ஒரு கண்ணின் பாப்பா மட்டும் வெண்மையாகத் தெரிந்தால் காலம் தாழ்த்தாமல் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதை இங்கே சொல்லிவைப்பது தவறாகாது.

செல் சுழற்சியில் இருக்கிறதா, ஜி0 நிலையில் இருக்கிறதா என்பதை நாங்கள் கேஐ-67 என்னும் புரதத்தைச் சாயமேற்றிக் காண்கிறோம். சுழற்சியின் எல்லாக் கட்டங்களிலும் அது உட்கருவில் இருக்கும். ஜி0 நிலையில் இருக்காது. இயல்பான பெருங்குடல் திசுவில் இந்தச் சாயம் குழிகளின் அடிப்பகுதியில் மட்டும் பழுப்பு உட்கருக்களாகத் தெரியும். மேலே செல்லச் செல்ல, சளியைச் சுரப்பதும் நீரை உறிஞ்சுவதுமாகிய வேலைக்கு வந்துவிட்ட செல்களில் பழுப்பு மறைந்து நீல உட்கருக்களே எஞ்சும். புற்று வந்த இடத்தில் மேல் கீழ் என்ற அந்த ஒழுங்கே இருக்காது. எங்கு பார்த்தாலும் பழுப்பு. மூளைத் திசுவில் பழுப்பு உட்கருக்கள் கூடுதலாகத் தெரிந்தால், அவை கிளையல் மரபைச் சேர்ந்தவையா, பரவி வந்தவையா, அழற்சியால் வந்த லிம்ஃபோசைட்டுகளா என்றுதான் அடுத்துப் பார்ப்போம். அவற்றின் அருகிலேயே இருக்கும் பெரிய முதிர்ந்த நியூரான்களின் உட்கருக்கள் நீலமாகவே இருக்கும்.

விலங்கியல் வாத்தியார் எழுதியது:

தேர்வைப் பற்றியும் ஒரு சொல், ஏனெனில் மகள் அடுத்து அதைத்தான் கேட்பாள். விரிவாக விடை எழுதும் இடத்தில், நியூரான் ஜி0 நிலையில் நிலைபெற்றுவிட்டது, மீண்டும் ஜி1 கட்டத்துக்குத் திரும்புவதில்லை என்று எழுதட்டும். திருத்துபவர் யாராயினும் மதிப்பெண் குறைக்க இடமில்லை. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாவில் ஜி0 என்னும் தெரிவு இருந்தால் அதையே குறிக்கட்டும். அது இல்லாமல் சென்ட்ரியோல் இன்மை மட்டுமே பொருந்தும் தெரிவாகத் தரப்பட்டிருந்தால், வினா எழுதியவர் எதிர்பார்ப்பது அதுதான் என்று புரிந்துகொண்டு குறித்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போகட்டும்.